சாமியைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊர்

நாள் 1

காலை ஐந்தரைக்கு பஸ் திருகோணமலையில் இறக்கிவிட்டது. கொழும்பிலிருந்து இரவு முழுக்க உட்கார்ந்தே வந்ததில் கால் வீங்கிவிட்டது, ஆனாலும் கந்தளாய் தாண்டியதிலிருந்து கண்ணை மூடவில்லை, இருட்டில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். 1990இல் ஏழு வயதில் இந்த ஊரைவிட்டுப் போனவள் நான். மன்னார்க் கரை வரைக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பது துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. படகில் வாந்தி எடுத்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் மண்டபம் முகாமில் அம்மா சேலை முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கை அளவு பித்தளை விளக்கு ஒன்றை எடுத்து, எண்ணெயும் திரியும் இல்லாத வெறும் விளக்கைச் சுவரோரமாக வைத்துக் கும்பிட்டது நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. வெண்கலப் பாத்திரங்களை எல்லாம் வளவுக்குள் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தவர், அதை மட்டும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அம்மா போன வருடம் திருச்சியில் இறந்துபோனார். அந்த விளக்கு இப்போது என் பைக்குள் துணி சுற்றி இருக்கிறது. அது அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அவர்களுடைய அம்மா விட்டுப்போனது, அதனால் பெரியம்மாவிடம் சேர்ப்பதுதான் முறை என்று வந்தேன்.

பெரியம்மா அன்புவழிபுரத்தில் தனியாக இருக்கிறார். வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு "பிட்டு அவிக்கிறன், குளிச்சிட்டு வா பிள்ளை" என்று குசினிக்குள் போய்விட்டார். குளித்துவிட்டு வந்து விளக்கை எடுத்துக்கொண்டு சாமித்தட்டைத் தேடினேன். தட்டு இருந்தது. அதில் சாமி படம் ஒன்றுகூட இல்லை. அண்ணாவின் பாஸ்போர்ட் சைஸ் படம், அதற்குப் பக்கத்தில் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டிய தடித்த ஃபைல் ஒன்று. அவ்வளவுதான்.

அண்ணா என்றால் பெரியம்மாவின் ஒரே மகன். 1990இல் அவனுக்கு 19 வயது. ஒருநாள் காலையில் விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள்.

விளக்கை நீட்டினேன். பெரியம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடியில் நசுங்கியிருந்த இடத்தை விரலால் தடவினார், "இது உன்ர அம்மா விழுத்தின இடம், சின்னனிலை" என்றார். பிறகு என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். "எனக்கு வேண்டாம். நான் இதெல்லாம் விட்டுக் கன காலம்."

ஒரே வீட்டில் பிறந்து, ஒன்றாகக் கந்தசஷ்டி பிடித்து, ஒரே தேவாரங்களைப் பாடமாக்கிய இரண்டு பெண்கள். இருவரும் இழந்தது ஒரே பிள்ளையை, ஏனென்றால் அம்மா அவனைத் தன் பிள்ளையாகத்தான் வைத்திருந்தார். ஒருவருக்கு அந்த நம்பிக்கை சாகும்வரை துணைக்கு இருந்தது, இன்னொருவருக்கு நடுவழியில் கைவிட்டுப் போனது. ஏன்? இந்த ஐந்து நாளும் நான் ஊர் சுற்றப்போவது இந்தக் கேள்வியோடுதான்.

நாள் 2

கோணேசர் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் கோட்டைக்குள்ளால்தான் போக வேண்டும், அந்தக் கோட்டையோ பழைய கோயிலின் கல்லால் கட்டியது. வாசலில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். இரட்டைக் கயல் செதுக்கிய கல்லும், கோயிலைக் கட்டியதாகச் சொல்லும் அரசன் குளக்கோட்டனைப் பற்றி "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் சிதைந்த தமிழ் எழுத்தும் வாசல் சுவரில் இன்னும் இருக்கின்றன. ஓட்டோக்காரத் தம்பி, "எல்லாரும் மான் பாக்கத்தான் இறங்குவினம் அக்கா, நீங்கள் கல்லைப் பாக்கிறியள்" என்றான். மான்களும் நின்றன, உள்ளே மரநிழலில் கூட்டமாக, யாருக்கும் பயப்படாமல்.

போர்த்துக்கேயர் கோயிலை இடித்தது 1622இல். அன்று சித்திரை வருடப்பிறப்பு, சுவாமி ஊர்வலம் போயிருந்த நேரம் பார்த்து உள்ளே புகுந்தார்கள் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. இடித்த கல்லில் சிலது கடலுக்குள் போனது, சிலது கோட்டைச் சுவரானது. சம்பந்தர் பாடிய கோயில், ஏழாம் நூற்றாண்டிலேயே கடல் தாண்டிப் பெயர்பெற்றிருந்த கோயில், அதன் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியாமல் போனதற்குக் காரணம் யாரோ சில பேர். அவர்கள் யார், என்ன பெயர், ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் விக்கிரகங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிலவற்றைக் காட்டுவழியாகத் தம்பலகாமம் பக்கம் கொண்டுபோனார்கள் என்பார்கள், சிலவற்றை மண்ணுக்குள் புதைத்தார்கள். புதைத்தவர்கள் வெளியே சொல்லவே இல்லை. 1950இல் கோட்டைக்குக் கொஞ்சத் தூரத்தில் கிணறு வெட்டிய தொழிலாளர்களின் மண்வெட்டியில் வெண்கலச் சத்தம் கேட்டது, சோமாஸ்கந்தர், பார்வதி, சந்திரசேகரர் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 1622இலிருந்து 1950, 328 வருடம். 1963இல் புதிதாகக் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் காற்று ஆளைத் தள்ளுகிறது. அங்கே சுவரில் சாய்ந்து நின்று அந்தப் புதைத்தவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழமையில் எல்லாம் அடங்கிவிடும், வந்து எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அம்மாவும் அப்படித்தான் சொன்னார், பாத்திரத்தைப் புதைத்த இடத்தில் முருங்கைக் கொப்பு ஒன்றை ஊன்றி அடையாளம் வைத்தார். 328 வருடம் என்று தெரிந்திருந்தால் அவர்கள் தோண்டியிருப்பார்களா? சாமி தங்களைக் காப்பாற்றவில்லை என்பது அவர்களுக்குக் கண்ணெதிரே தெரிந்தது, கோயில் விழுந்துகொண்டிருந்தது, கூட இருந்தவர்களில் செத்தவர்களும் இருந்திருப்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் சாமியிடம் காப்பாற்று என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, சாமியைக் காப்பாற்ற ஓடினார்கள். கும்பிட்டுக்கொண்டிருந்தபோது என் கண் கலங்கியது இதற்குத்தான், வேண்டுதல் என்று எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

இறங்கி வரும்போது கடற்கரை காந்தி சிலைப் பக்கம் கொஞ்சம் நின்றேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட இடம் இது. இப்போது கச்சான் கடலை விற்கிறார்கள், பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். அந்த மாணவர்களின் பெற்றோரும் ஏதோ ஒரு கோயிலில் பரீட்சைக்கு அர்ச்சனை செய்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். இதற்குமேல் இங்கே எழுத வரவில்லை.

நாள் 3

தம்பலகாமம். வயல், வயல், வயல். ஆதிகோணேச்சரத்துக் கோபுரம் வயல் நடுவில் எழும்பி நிற்பது நல்ல தூரத்திலேயே தெரிகிறது. கோணமலையிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த மூர்த்தியைப் பிறகு இங்கே வைத்துக் கோயில் எடுத்தார்கள் என்பது இவ்வூர் வழக்கு.

மடப்பள்ளித் திண்ணையில் ஒரு ஐயா பூ தொடுத்துக்கொண்டிருந்தார். அவருடன் ஒன்றரை மணி நேரம் போனது, இந்தப் பயணத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டதும் அவரிடம்தான். இந்தக் கோயிலில் தானத்தார், வரிப்பத்தார் என்று தொழும்பு, அதாவது கோயில் ஊழியம், செய்கிற குடிகள் உண்டு. விளக்குக்கு எண்ணெய் ஒரு குடிக்கு, பூ ஒரு குடிக்கு, நெல்லுக் குற்றுவது ஒரு குடிக்கு என்று வேலை பங்கு பிரித்தது. (அந்தப் பங்கில் சிலருக்கு எப்போதும் கோயிலுக்கு வெளியேதான் இடம் கிடைத்தது, அதையும் சொல்லாமல் போவது நியாயமில்லை.) அடிபிடி நடந்த காலத்திலும் கோயில் நின்றது எப்படி என்று கேட்டேன்.

"பூ கொண்டுவாற ஆள் பூ கொண்டுவந்தான் பிள்ளை. ஷெல் அடிச்சாலும் விடிஞ்சால் பூப் பறிக்கோணும். பயமில்லாமல் இல்லை. ஆனால் நான் போகாட்டில் சாமிக்கு இண்டைக்குப் பூ இல்லை எண்டு தெரியும். அது காலை எழுப்பிவிடும்."

"சாமி காப்பாத்தும் எண்டு நினைச்சியளோ?"

அவர் கொஞ்ச நேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "காப்பாத்தாமலும் விட்டது தானே. என்ர தம்பியைக் காப்பாத்தேல்ல. அதைக் கேக்கப் போனால் பூக் கட்டேலாது."

எனக்கு உடனே முகாமில் அம்மா ஞாபகம் வந்தது. முகாமில் ஒரு வேப்பமரத்தடிப் பிள்ளையார், கல்லுப் பிள்ளையார், அதற்குத் தினமும் கூட்டித் தண்ணீர் தெளிப்பது அம்மாவின் வேலை, யாரும் கொடுத்த வேலை இல்லை, தானாக எடுத்துக்கொண்டது. வருடக்கணக்காகச் செய்தார். அண்ணா திரும்பி வருவான், பிள்ளையார் கொண்டுவருவார் என்று ஒரு நாளும் அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. காய்ச்சல் வந்த நாளில், "பிள்ளையாருக்கு இண்டைக்கு ஆர் தண்ணி ஊத்துறது" என்று என்னை எழுப்பி அனுப்புவார்.

இரவு சாப்பிட்டுவிட்டு இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், தானாகவே பேசத் தொடங்கினார்.

"நான் கடவுளோட கோவிச்சுக்கொண்டு விடேல்லப் பிள்ளை. நாலு வருஷம் ஒரு விரதம் விட்டதில்லை. திங்கக்கிழமை, சஷ்டி, கௌரி காப்பு, எல்லாம். அப்ப ஒருத்தர் கோயில் வீதியிலை வைச்சுச் சொன்னார், போன பிறப்பிலை ஆரையோ அழ வைச்சிருப்பாய், அதுதான் இந்தப் பிறப்பிலை நீ அழுகிறாய், பொறுத்துக்கொள் எண்டு. நான் அழுதால் அழட்டும். அவன் பத்தொன்பது வயதுப் பிள்ளை, அவன் ஆரை அழ வைச்சவன்? அப்பிடிக் கணக்கு எழுதிற கடவுளுக்கு நான் ஏன் விளக்கு வைக்கோணும்? வீட்டை வந்து படத்தையெல்லாம் எடுத்துக் கட்டி அலுமாரிக்கு மேலை போட்டன்."

சொன்னவர் ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார், அதை நம்பியும் சொல்லியிருப்பார். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் வினைப்பயன் பேசுவது கொடுமை, அதை எந்த மரியாதைக்காகவும் மாற்றிச் சொல்ல என்னால் முடியாது. பறித்தவன் மேல் இருக்க வேண்டிய பழி சத்தமில்லாமல் தாயின் தலைக்கு மாறுகிறது. நாலு வருடம் பிடித்து நிறுத்திய நம்பிக்கையை அந்த ஒரு பேச்சுத்தான் தட்டிவிட்டிருக்கிறது.

நாள் 4

கிண்ணியாப் பாலம் வழியாக மூதூருக்கு பஸ். 2009இல் இந்தப் பாலம் திறக்கும்வரை 'பாதை' என்கிற மிதவையில்தான் வாகனம் ஏற்றிக் கடக்க வேண்டும், அம்மா அந்தப் பாதையில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டே நிற்பாராம்.

மூதூரில் பிளேன் ரீ குடித்த கடையில் ஒரு முஸ்லிம் நானா பேச்சுக் கொடுத்தார். 2006 ஆகஸ்ட் முதல் கிழமை, சண்டை ஊருக்குள் வந்தபோது அவருடைய குடும்பமும் மற்றவர்களும் ஒதுங்கியிருந்த இடங்களிலும் ஷெல் விழுந்தது. அப்புறம் சனமெல்லாம் கந்தளாய்ப் பக்கம் நடந்தது, கைப்பிள்ளைகளும் கிழவர்களுமாக. "ஸபுர் (பொறுமை) செய்யுங்க எண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லல்ல. சோறும் தண்ணியும் கொண்டுவந்தாங்க. வயிறு நிறைஞ்ச பொறகு நாங்களாவே தொழுதம், நாங்களாவே ஸபுர் செய்தம்." இதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு ரீ ஆற்றப் போய்விட்டார். எனக்கு அந்த இரண்டு வரியில், முந்தின இரவு பெரியம்மா சொன்னதற்கு மறுபக்கம் கிடைத்தது.

அதே நாட்களில்தான், ஆகஸ்ட் 4ஆம் திகதி, பிரெஞ்சு உதவி நிறுவனம் ஒன்றின் உள்ளூர் பணியாளர்கள் 17 பேர் இங்கே தங்கள் அலுவலக வளவுக்குள் கொல்லப்பட்டார்கள். நிறுவனத்தின் பெயர் போட்ட ரீசேர்ட்டோடு கிடந்தார்கள். அந்த உடுப்பைப் பார்த்தால் சுடமாட்டார்கள் என்றுதான் உள்ளேயே இருந்திருப்பார்கள். அதுவும் ஒரு நம்பிக்கைதான், நாமெல்லாம் விபூதி பூசுவதுபோல், ஜெபமாலை போடுவதுபோல். இடம் எது என்று விசாரிக்கப் போய், கேட்க மனம் வராமல் திரும்பிவிட்டேன்.

கட்டைபறிச்சான் தாண்டிச் சம்பூருக்கு ஓட்டோ. 2006 ஏப்ரலில் குண்டு விழத் தொடங்கியதும் ஓடிய ஊர் இது. மட்டக்களப்புப் பக்கம் போய், பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் தகரக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தார்கள். ஊர் பாதுகாப்பு வலயமானது, அனல்மின் நிலையம் வரப்போகிறது என்றார்கள். 2015 ஆகஸ்டில் 818 ஏக்கரும், அடுத்த வருடம் கடற்படை முகாம் இருந்த நிலமும் விடுபட்ட பிறகுதான் சனம் திரும்பியது. திரும்பியபோது வீடுகள் இல்லை, கிணறுகளும் தூர்ந்துபோய்க் கிடந்தன, தங்கள் வளவு எது என்று மரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்களாம்.

பத்திரகாளி அம்மன் கோயிலடியில் ஒரு அம்மா, கச்சான் உடைத்துக்கொண்டே பேசினார். முகாமில் ஒவ்வொரு வருடமும் ஊர்த் திசையைப் பார்த்து அடுப்பு வைத்துப் பொங்கினார்களாம். அரிசி நிவாரண அரிசி. "பொங்காமல் விட்டால் ஊர் இல்லை எண்டு ஆகிப்போகும் எண்டு பயம்" என்றார். அம்மன் கோபிப்பாள் என்ற பயமோ என்று கேட்டேன். "அவ என்னத்துக்குக் கோவிக்கிறா? அவவும் எங்களை மாதிரித் தனிய இருந்தவ தானே."

எல்லோருக்கும் இப்படி இருந்ததா என்றால் இல்லை. முகாமில் ஜெபக்கூட்டத்துக்குப் போய் அதிலேயே ஆறுதல் கண்டு மாறிய குடும்பங்கள் உண்டு. அந்த அம்மாவின் கூடப்பிறந்த தம்பிக்கு எதுவும் பிடிபடவில்லை. பொங்கலுக்கும் வரமாட்டார், ஜெபத்துக்கும் போகமாட்டார், கடல்தொழில் செய்த மனிதன் கடலில்லாத இடத்தில் தகரத்துக்குக் கீழே சும்மா இருந்து, குடித்து, ஊர் திரும்ப இரண்டு வருடம் இருக்கும்போது செத்துப்போனார். "அவனுக்குச் சாமிக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை, மனிசருக்குச் செய்யவும் இல்லை" என்றார் அந்த அம்மா. நான் நாலு நாளாகத் தேடிக்கொண்டிருந்த வார்த்தையை அவர் கச்சான் கோதைத் தட்டிக்கொண்டே சொல்லிவிட்டார்.

நாள் 5

பாலையூற்று மாதா கோயில். வீட்டுக்குப் பக்கம் என்பதால் நடந்தே போனேன். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நான் கோணேசர் கோயில் பற்றிச் சொன்னதும், "எங்கட மதத்து ஆக்கள்தான் இடிச்சவை எண்டு எனக்கும் வெக்கம் இருக்கு" என்றார். அதே கத்தோலிக்கர்களை 1658க்குப் பிறகு ஒல்லாந்தர் துரத்தினார்கள், குருவானவருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று சட்டம் போட்டார்கள். 1687இல் யாழ்ப்பாணம் வந்த ஜோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் வீடு வீடாகப் போனார், சனம் அவரை ஒளித்து வைத்தது. அதற்கும் முன்னால், 1544இல், மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களைக் கொன்றது சங்கிலி மன்னன், எங்கள் சைவ அரசன். போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களை மட்டக்களப்பில் குடியேற்றியது கண்டியின் பௌத்த மன்னன் செனரத். இந்தக் கணக்கில் யாரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒளித்து வைத்தவர்களை மட்டும் எல்லாப் பக்கத்திலும் பார்க்கிறேன்.

1990 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமல்போன ஹீபர்ட் அடிகளாரைப் பற்றியும் ரீச்சர் பேசினார். அமெரிக்காவிலிருந்து வந்து பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யேசுசபைக் குரு. அதே வருடம்தான் எங்கள் அண்ணாவும். "அவருக்காக இண்டைக்கும் செபிக்கிறன். பதில் வராது எண்டு தெரியும். பேர் சொல்ல ஆள் வேணுமெல்லோ."

சாயங்காலம் பையைக் கட்டினேன். நாளைக் காலை பஸ். பெரியம்மா மீன் குழம்பும் சோறும் வைத்து, பரிமாற உட்காரவும் கரண்ட் போய்விட்டது. மெழுகுதிரி தேடினோம், கிடைக்கவில்லை. என் போனில் சார்ஜ் இல்லை.

"அந்த விளக்கை எடு பிள்ளை" என்றார் பெரியம்மா.

தடவித் தடவிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் பழைய சேலைத் துணியைக் கிழித்து உள்ளங்கையில் உருட்டித் திரி செய்தார், தேங்காய் எண்ணெய் ஊற்றினார், அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்தார். நசுங்கின பக்கம் சரிந்துவிடாமல் ஃபைலுக்குப் பக்கத்தில், தட்டிலேயே வைத்தார். வேறு இடம் மேசையில் இல்லை. அண்ணாவின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. நாங்கள் சாப்பிட்டோம், முள்ளைப் பார்த்துச் சாப்பிடு என்றார், அம்மாவின் குழம்பில் புளி கூட இருக்குமே என்றார்.

கை கழுவி வரும்போது கரண்ட் வந்துவிட்டது. விளக்கை அணைக்கக் குனிந்தேன்.

"வாயாலை ஊதாதை," என்றார் பெரியம்மா பின்னாலிருந்து. "விடு. எண்ணெய் முடியுமட்டும் இருக்கட்டும்."